விலை போகாத டீசல் இன்ஜின்கள்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களோடு ஒரு நாலு வயதுப் பையனும் வந்திருந்தான். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவனை யாரும் பார்க்கவில்லை. தலையில் முக்காடும் கையில் தட்டுமாக ஹாலுக்கு வந்து, ஜாங்கிரியையும் மிக்சரையும் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். உள்ளறையிலிருந்து அவன் வெளியே வந்துகொண்டிருந்தான். நெஞ்சோடு அணைத்திருந்தது என்னுடைய பச்சை டீசல் ரயில் இன்ஜின் பொம்மையை.

"இது எனுக்கு" என்றான்.

பெண் பார்க்க வந்தவர்களில் முதலில் முடிவு சொன்னது அவன்தான்.

அவன் மாப்பிள்ளையின் அக்கா மகன். அக்கா சிரித்தார். என் அம்மாவும் சிரித்தார். எங்கள் ஊர்ப் பக்கம் விருந்தாளி வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கேட்டால் அது கொடுக்கப்பட்ட மாதிரிதான். கேட்டது கடிகாரமாக இருந்தாலும் கோழிக்குஞ்சாக இருந்தாலும் சரி. அம்மா என்னைப் பார்த்து, கொயந்த ஆசயா கேக்குது, குட்த்துடு என்றார்.

நான் குடுக்க மாட்டேன் என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். போன வாரம் எங்கள் ஃபேன்சி ஸ்டோரின் வளையல் ஸ்டாண்டைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், உங்கள் கடையில் வளையலைத் தவிர வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்டிருந்தார். இருந்தது. அதைச் சொல்லிவிட்டு ஹாலுக்குத் திரும்புகிறேன். பையன் அழுதுகொண்டிருக்கட்டும்.

ரயில் இல்லாத ஊர்

உத்திரமேரூரில் ரயில் கிடையாது. யாரும் அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பஸ் இருந்தது. அதற்கு மேல் போக வேண்டியவர்கள் எப்படியாவது போய்க்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு ரயில் வந்தது பெரியம்மா வழியாக. அம்மாவின் அக்கா. வாலாஜாபாத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தார். முழுப்பரீட்சை லீவில் என்னை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். கேட் மூடும் மணி கேட்டதும் பெரியம்மா அடுப்பை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து வாசலுக்கு ஓடி வருவார் என்று எழுத ஆசைதான். அவர் வரமாட்டார். போய்ப் பாரு, கிட்டக்கப் போவாத என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவார்.

அப்போது அது மீட்டர் கேஜ் பாதை. குறுகலான தண்டவாளம். முதலில் சத்தம் வரும். பிறகு உள்ளங்காலில் ஒரு நடுக்கம். பிறகு சூடான எண்ணெயும் இரும்புமாக ஒரு வாசனை. அதற்குப் பிறகுதான் இன்ஜின் வரும். பீரோவைப் படுக்கவைத்தது போல நீளமான மூக்கு, அதற்குப் பின்னால் டிரைவரின் அறை. டிரைவர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, யாரோ தூரத்துச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இன்ஜின் என்ன நிறம் என்பதில் எனக்கும் பெரியம்மாவுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. நான் பச்சை என்பேன். அவர் அழுக்கு என்பார்.

எனக்கு அதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அரக்கோணம் பக்கம் போகும்போது மூக்கை முன்னால் வைத்துக்கொண்டு போகும் இன்ஜின், திரும்பி வரும்போது அதே மூக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு வரும். அது திரும்பி நிற்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் மாட்டினாலும் இழுக்கும். இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் பட்டது. ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

பொகைக் கொயா எங்க பாய்?

அத்தாவின் கடை பஜார் தெருவில். எங்களில் அப்பாவை அத்தா என்போம். கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு திரை. வளையல், ரிப்பன், பவுடர் எல்லாம் சென்னையிலிருந்து மூட்டையாக வரும். கூடவே பொம்மைகளும் வரும். பொம்மைகளில் ரயில் எப்போதும் இருக்கும். கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரம், உச்சியில் புகைபோக்கி. இது நிஜ ரயில் இல்லை என்று அத்தாவிடம் சொன்னேன். கடையில் இருக்கிற எதுவுமே நிஜம் இல்லை, எல்லாம் பொம்மை என்றார் அவர்.

ஒரு தடவை மூட்டையைப் பிரித்தபோது, தெரியாமல் கலந்து வந்தது போல ஒன்று கிடந்தது. சிவப்பு பிளாஸ்டிக். நீளமான மூக்கு. பின்னால் இழுத்துவிட்டால் ஓடும். புகைபோக்கி இல்லை.

எங்கள் வீட்டில் கடைச் சரக்கைத் தொடக்கூடாது. விற்காமல் நின்றுபோனதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பெருநாள் வியாபாரத்திலும் போகாத பொம்மை இனிமேல் போகாது என்பது அத்தாவின் முடிவு. ஆகவே பெருநாள்வரை நான் காத்திருந்தேன். திரைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திருப்புலிவனத்திலிருந்து வந்த ஒருவர் அதைக் கையில் எடுத்துவிட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பாய், இது பஸ்ஸா ரயிலா?"

அத்தா ரயில் என்றார்.

"பொகைக் கொயா எங்க பாய்?"

இது டீசல், கொயா இருக்காது என்றார் அத்தா. கொயா இல்லாத ரயிலை வீட்டுக்குக் கொண்டுபோனால் பையன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று அவர் அதைத் திரும்ப வைத்துவிட்டார். தன் அப்பா கடையில் ஒரு சாமான் விற்கக்கூடாது என்று துஆ கேட்ட பெண் பஜார் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். துஆ பலித்தது. வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்து ரோஸ் நிறமான பிறகு சிவப்பு இன்ஜின் என்னிடம் வந்து சேர்ந்தது. வெளுத்த பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்தவையும் இப்படி வந்தவைதான். மஞ்சளில் ஒன்று, சக்கரம் உருளாது. தகரத்தில் நீல நிறமாக ஒன்று, சாவி கொடுத்தால் ஓடும், சாவி மூட்டையிலேயே தொலைந்துவிட்டது. சாவி இருந்திருந்தால் அது விற்றிருக்கும். பேட்டரி போட்டால் விளக்கெரியும் ஒன்றும் இருந்தது. விளக்கு மட்டும் எரியும். உள்ளறை அலமாரியில் அடித்தட்டு அவற்றுக்கு. விலை போகாத ஒரு ஷேவிங் பிரஷ்ஷால் வெள்ளிக்கிழமைதோறும் தூசி தட்டுவேன். சக்கரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் விடுவேன், உருளாத மஞ்சளுக்கும் சேர்த்து. ஒரு பொண்ணு வெச்சிக்கிற சாமானா இது என்று அம்மா கேட்பார். யாரும் வாங்காத சாமான், அதனால் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். சொன்னதில்லை.

கேட்டதும் கிடைத்ததும்

நான் மேல்வகுப்புக்கு வந்த காலத்தில் வாலாஜாபாத்தில் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அகலப் பாதை போட்டார்கள். வேலை நடந்த நாள்களில் கேட் மூடவே இல்லை. மறுபடி ரயில் வந்தபோது இழுத்து வந்தது வேறு இன்ஜின். பெரியது. நல்ல இன்ஜின்தான். எனக்கும் அதற்கும் பழக்கமில்லை.

பிளஸ் டூவில் மார்க் நன்றாக வந்தது. காஞ்சிபுரத்தில் காலேஜில் சேர வேண்டும் என்று அத்தாவிடம் கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார். விண்ணப்பம் கொடுக்கும் தேதி தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் உறவில் அதுவரை எந்தப் பெண்ணும் பஸ் ஏறி வெளியூர் போய்ப் படித்ததில்லை. சாயங்கால பஸ் மாகறல் தாண்டும்போதே இருட்டிவிடும், யாராவது ஏதாவது சொல்வார்கள். முதலில் அனுப்பியவர் என்ற பெயரை வாங்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கொஞ்ச நாள் கழித்து, சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகும்போது என்னையும் அழைத்துப் போனார். அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. மூட்டைகளை லாரி ஆபீசில் போட்டுவிட்டு மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய பொம்மைக் கடைக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஏசி. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று இரண்டு பேரும் வாசலில் சற்று நேரம் நின்றோம்.

கண்ணாடி அலமாரிக்குள் பச்சை டீசல் இன்ஜின் இருந்தது. உலோகம். கையில் வாங்கினால் கை தாழ்ந்தது. பக்கவாட்டில் ஏறுவதற்குப் படி, பிடித்துக்கொள்ள ஊசி போலக் கம்பிகள், டிரைவர் அறைக்குள் குட்டியாக ஒரு சீட். வெளிநாட்டு இன்ஜினின் மாதிரி அது. வாலாஜாபாத்தில் நான் பார்த்த இன்ஜின் இல்லை. ஆனால் மூக்கு அதே மூக்கு.

அத்தா விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து பணத்தைக் கொடுத்தார். பேரம் பேசவில்லை. அவர் பேரம் பேசாமல் வாங்கி நான் பார்த்த பொருள் அது ஒன்றுதான். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஜாக்கிரதயா வெச்சிக்க என்றார். காலேஜைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு சில வருஷங்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வளையல் அடுக்கினேன்.

ஹாலில் ஒரு குரங்கு

பெரியம்மா கொண்டுவந்த சம்பந்தம் அது. மாப்பிள்ளைக்கு வாலாஜாபாத்தில் சைக்கிள் கடை. அவர் வரவில்லை. எங்களில் முதலில் பெண்கள்தான் வந்து பார்ப்பார்கள். வந்தது மாப்பிள்ளையின் அம்மா, அக்கா, நான் ஏற்கெனவே சொன்ன பையன்.

குடுக்க மாட்டேன் என்று சொன்னதும் பையன் அழ ஆரம்பித்தான். அவனுடைய அம்மா சிரிப்பை நிறுத்தாமல், ரெண்டு நாள் வெச்சிருந்துட்டுக் குட்த்துடுவான் என்றார். நான் உள்ளே போய்ச் சிவப்பு இன்ஜினை எடுத்துவந்து நீட்டினேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு அதன் ஒரு பக்கத்தைப் பார்த்தான், மறுபக்கத்தைப் பார்த்தான். வியாபாரி வீட்டுப் பிள்ளை. மறுபடி அழுதான்.

சத்தம் கேட்டு அத்தா கடையிலிருந்து வந்தார். விஷயம் புரிந்ததும் திரும்பிப் போய் ஒரு கார் கொண்டுவந்தார். பிறகு ஒரு விமானம். கடைசியில் மத்தளம் அடிக்கும் குரங்கு. குரங்கு அடித்து முடிக்கும்வரை பையன் மரியாதையாகப் பார்த்தான். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அவன் பிடியில் பச்சை இன்ஜினின் முன்பக்கக் கம்பி ஒன்று வளைந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஜாங்கிரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தா என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"குட்த்துடும்மா. வேற வாங்கிக்கலாம்."

அது வரைக்கும் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் அதைச் சொன்னதும் தெரிந்தது.

"நான் கேட்டது காலேஜு அத்தா. நீங்க குட்த்தது இது. இதயும் குட்த்துட்டா எனுக்கு இன்னா கீது?"

நான் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஹால் சின்னது. அக்காவின் சிரிப்பு நின்றது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அத்தா பையனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் பிரித்தார். இது அந்த அக்காது ராஜா என்றார். இன்ஜினை என் கையில் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டார்.

வந்தவர்கள் கிளம்பினார்கள். பையன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே போனதாக அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து சொன்னார்கள். சொல்ல வேண்டியதில்லை, எங்களுக்கே கேட்டது. இன்ஜினக் கட்டிக்கினு குடும்பம் நடத்தச் சொல்லு என்று பெரியம்மா வாலாஜாபாத்திலிருந்து போன் செய்தார். அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்துப் பேசினார்.

மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்த அத்தா, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்ஜினைக் கேட்டார். வளையல் கொக்கியை நிமிர்த்தும் குட்டிக் குறடால் அந்தக் கம்பியை நிமிர்த்தினார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"காலேஜ நீ மறந்துட்டன்னு நெனச்சேன்" என்றார்.

இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கம்பி நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

தனியாக வந்தவர்

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்தார். மொட்டை வெயிலில், ஒரு குடையும் பையுமாக. வேண்டாம் என்பதை ஆள் விட்டுச் சொல்லாமல் நேரில் சொல்ல வந்திருக்கிறார், பெரிய மனுஷி என்று அம்மா என் காதில் சொல்லிவிட்டு டீ போடப் போனார்.

அவர் என்னிடம், அதக் காட்டு என்றார்.

உள்ளறைக்கு அழைத்துப் போனேன். அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதையும் தொடவில்லை. சிவப்பு ஏன் ஒரு பக்கம் வெளுத்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கொயா இல்லாததால் திருப்புலிவனத்துக்காரர் வாங்காமல் போனதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல வேள என்றார்.

பிறகு தன் கதையைச் சொன்னார். சின்ன வயதில் அவரிடம் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்ததாம். அவருடைய அத்தா கப்பலில் போய்த் திரும்பி வந்தபோது கொண்டுவந்தது. உள்ளே ஒரு பூ. எப்படி உள்ளே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. படுக்கும்போதும் தலைமாட்டில் வைத்திருப்பாராம். ஒரு நாள் வந்த விருந்தாளி வீட்டுப் பையன் கேட்டான். அவருடைய அம்மா கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டார்.

"பஸ் ஏறங்காட்டியும் போட்டு ஒடச்சிட்டான். அன்னிக்கி எல்லாரும் என்ன நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னார். அடுப்படியில் டீ பொங்கி அம்மா எதையோ தட்டிவிட்ட சத்தம் கேட்டது.

மகனிடம் நடந்ததைச் சொன்னாராம். அந்த இன்ஜின் ஓடுமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். ஓடாது, சும்மா வைத்திருக்கிறாள் என்றிருக்கிறார். அப்படியானால் டீசல் செலவு இல்லை என்று சொல்லிவிட்டு பஞ்சர் ஒட்டப் போய்விட்டாராம். அவன் அப்டிதான் பேசுவான், இப்பவே தெரிஞ்சிக்க என்றார் என்னிடம்.

எழுந்திருக்கும்போது அலமாரியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார்.

"காலேஜு நான் குடுக்க முடியாதும்மா. எங்க வூட்லயும் அனுப்ப மாட்டாங்க, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இத யாரும் ஒன்ன கேக்க மாட்டாங்க. அத நான் பாத்துக்கிறேன்."

எனக்கு அது போதுமா போதாதா என்று அப்போது தெரியவில்லை. பார்க்கலாம் என்றேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. டீயைக் குடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். நான் சில நாள்கள் எடுத்துக்கொண்டேன். காலேஜ் தருகிறேன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தர முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவரும் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தேதி போகும்வரை காத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் முடிவு செய்தேன். சரி என்று அத்தாவிடம் நானே போய்ச் சொன்னேன்.

பத்தும்

நிக்காஹ் எங்கள் ஊரில் நடந்தது. பீரோ, கட்டில், பாத்திரங்கள் எல்லாம் ஒரு வேனில் முன்னால் போயின. விலை போகாத கைக்குட்டைகளில் சுற்றி இன்ஜின்களை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து, அதையும் வேனில் ஏற்றினார் அத்தா. ஏற்றிவிட்டு, அதன் மேல் எதையும் வைக்கக்கூடாது என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர் தலையாட்டினார். அத்தா மறுபடியும் சொன்னார்.

பச்சை இன்ஜினை மட்டும் நான் அதில் வைக்கவில்லை. அட்டைப்பெட்டியோடு கையில் வைத்திருந்தேன்.

வாடகை அம்பாசடரில் மாப்பிள்ளை டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்சீட்டில் ஜன்னலோரம். மாப்பிள்ளையின் அம்மா, இனி என் மாமி, இன்னும் வாசலில் நின்று என் அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார். அதற்குள் நாத்தனார் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மகனை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். அவன் சீட்டில் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டான். என் நகையைப் பார்க்கவில்லை, மருதாணியைப் பார்க்கவில்லை. அட்டைப்பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் எதையும் மறந்திருக்கவில்லை.

நான் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மாமி வந்தார். திறந்திருந்த கதவு வழியாக எங்களை ஒரு தடவை பார்த்தார். நாத்தனாரை இறங்கச் சொன்னார். குனிந்து பையனைத் தூக்கி வெளியே நிறுத்தினார். தான் ஏறி, அத்தனை கனமான உடம்பையும் நகர்த்திக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மகளும் பேரனும் ஏறினார்கள். கதவு இரண்டாவது தடவைதான் மூடியது.

"எடம் பத்தலம்மா" என்றார் நாத்தனார்.

"பத்தும்" என்றார் மாமி.

அத்தா என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து நின்றார், அட்டைப்பெட்டி என் கையில் இருக்கிறதா என்று பார்த்தார். கார் நகர்ந்தது. மாமியின் தோள் என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது. பையன் இரண்டு தடவை எட்டிப் பார்க்க முயன்றான். மாமி முன்பக்கமாகச் சற்றுச் சாய்ந்துகொண்டார். வாலாஜாபாத் வந்து சேரும்வரை அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.